மேட்டூர் அடியை மட்டும் பார்க்காதீர்கள், மலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சம்பா, தாளடி அறுவடை முடிந்து உளுந்தும் எடுத்தாயிற்று. எங்கள் உழவர் குழுவில் 18 பேர் வேன் பிடித்து நாலு நாள் வெளியூர் போய்வரலாம் என்று இருக்கிறோம். இளவட்டங்கள் ஊட்டி ஏரியில் படகு விட வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் மேட்டூரும் கண்ணம்பாடியும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எங்கே போனால் விவசாயிக்குப் பிரயோஜனம்?"

இரண்டுக்கும் போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நாலு நாளை ஐந்து நாளாக்கிக் கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்த அணைகளைப் போய்ப் பார்க்காமலேயே முப்பது வருடம் விவசாயம் பார்த்தவன் நான். அதற்கு ஒருமுறை நல்ல விலையும் கொடுத்தேன்.

2023-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தபோது அணையில் 103 அடி இருந்தது. நூறு அடிக்கு மேல் தண்ணீர், சொன்ன தேதியில் திறப்பு, இனி என்ன கவலை என்று வெண்ணாற்றுக் கடைமடையில் இரண்டு ஏக்கருக்கு ஆடுதுறை 43 நாற்று விட்டேன். தண்ணீர் வந்தது, நட்டோம். ஆனால் அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை மலையில் சரியாகப் பிடிக்கவே இல்லை. அணைக்கு வரத்து குறைந்தது, திறப்பையும் குறைத்தார்கள். திறப்பு குறைந்தால் முதலில் காய்வது கடைமடை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிர் பொதி கட்டும் நேரத்தில் வாய்க்காலில் சேறுதான் கிடந்தது. போர் இருந்தவர்கள் எஞ்சின் வைத்து இறைத்துத் தப்பித்தார்கள். என் வயலில் பாதிக்கு மேல் பதர். அக்டோபர் 10-ஆம் தேதி அணையையே மூடினார்கள். அப்போது நீர்மட்டம் 31 அடிக்குப் பக்கம்.

அடுத்த கோடையில் நாங்கள் ஐந்து பேர் மேட்டூருக்குப் போனோம். அணையில் 50 அடி அளவுக்குத்தான் தண்ணீர். பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிந்தன. அணை கட்டியபோது தண்ணீருக்கடியில் போன ஊர்களின் மிச்சம் அவை. மீன் வறுத்து விற்ற பெரியவர், "எந்த ஊருங்க?" என்றார். "தஞ்சாவூர் பக்கம்ங்க" என்றோம். "தண்ணி பார்க்க வந்தீங்களா? இங்க நாங்க நந்தியப் பார்த்துத்தான் கணக்குச் சொல்றதுங்க. நந்தி வெளிய வந்தா உங்க ஊரு வயலுக்குக் கஷ்டம்" என்றார். எங்களுக்கு மீன் தொண்டையில் இறங்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கரையில் நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை வருடமும் மேட்டூர் அணையை நெல் குதிர் மாதிரி நினைத்துக் கொண்டிருந்தேன். குதிரில் பாதி உயரம் நெல் இருந்தால் பாதி நெல். அணை குதிர் இல்லை, வாணலி. அடியில் குறுகல், மேலே அகலம். மேலே ஓர் அடியில் நிற்கிற தண்ணீர், கீழே பல அடிகளில் நிற்கிற தண்ணீருக்குச் சமம். வற்றிக் கிடக்கும்போது போய்ப் பார்த்தால்தான் இந்த வாணலி வடிவம் கண்ணுக்குத் தெரியும். நிரம்பியிருக்கும்போது போனால் வெறும் கடல் மாதிரிதான் தெரியும்.

கணக்கைச் சொல்கிறேன், குறித்துக் கொள்ளுங்கள். மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி. 60 அடியில் சுமார் 25 டி.எம்.சி. 40 அடியில் சுமார் 12 டி.எம்.சி. அதாவது 60 அடி என்றால் பாதி அணை இல்லை, கால் அணைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி. விநாடிக்கு 11,600 கனஅடி வீதம் ஒரு முழு நாள் திறந்தால் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. காலி. டெல்டாவுக்கு 12,000 கனஅடி திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால், நாளைக்கு ஒரு டி.எம்.சி. போகிறது என்று வைத்துக் கொள்ளலாம்.

இப்போது என் 2023 கணக்கைப் போட்டுப் பாருங்கள். 103 அடி என்றால் சுமார் 69 டி.எம்.சி. குடிதண்ணீருக்கென்று ஒரு 10 டி.எம்.சி. ஒதுக்கினால் மிச்சம் 59. நாளைக்கு ஒன்று வீதம் 59 நாள், அதாவது ஆடிப்பெருக்கைத் தாண்டி ஒரு வாரம். 110 நாள் பயிருக்கு அறுவடைக்கு முன் வடிய விடும் நாட்களைக் கழித்தாலும் நூறு நாளாவது தண்ணீர் வேண்டும். மீதி நாற்பது நாள் தண்ணீர் அணையில் இல்லை. அது குடகு மலையிலும் வயநாட்டிலும் மேகமாக இருந்தது. அந்த மேகம் அந்த வருடம் ஏமாற்றியது. மேட்டூர் 103 அடி என்பதை மட்டும் பார்த்தேனே தவிர, மேலே உள்ள அணைகளில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வருடம் நேர்மாறாக நடந்தது. 2024 ஜூலை தொடக்கத்தில் மேட்டூர் 40 அடியில் கிடந்தது. அந்த மாதம் 28-ஆம் தேதி பாசனத்துக்குத் திறந்தார்கள். 30-ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டது. 103 அடியை நம்பிக் கெட்டதும், 40 அடியைப் பார்த்து மனம் விட்டதும் ஒரே தவறுதான். மேட்டூர் நம் வீட்டு அண்டா மட்டுமே. ஊற்று மலையில் இருக்கிறது. அந்த மலையைப் பார்க்கத்தான் போகச் சொல்கிறேன்.

பயணத்தை இப்படி வையுங்கள். முதல் நாள் மேட்டூர். 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் முடிந்த அணை. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று கல்வெட்டில் இருக்கும். உபரி நீர் வெளியேறும் 16 கண் மதகைப் பாருங்கள். பூங்காவோடு நின்றுவிடாமல் பண்ணவாடி பரிசல்துறைப் பக்கமும் போய் நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் நாள் கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாக மைசூர்ப் பக்கம் ஏறுங்கள். வழியில் திருமாகூடலு நரசிபுராவில் இறங்கத் தவறாதீர்கள். அங்கேதான் கபினி ஆறு காவிரியில் சேர்கிறது. கண்ணம்பாடி, அதாவது கிருஷ்ணராஜ சாகர், இந்தக் கூடலுக்கு மேலே காவிரியில் இருக்கிறது. கபினி அணை தனியாகக் கபினி ஆற்றில் இருக்கிறது. ஆகவே கபினியில் திறக்கிற தண்ணீர் கண்ணம்பாடிக்குள் போகாமல் நேராக நம் பக்கம் வருகிறது. கபினி 84 அடி, 19.52 டி.எம்.சி. கொள்கிற சிறிய அணை. மழை பிடித்தால் சீக்கிரம் நிரம்பி வழியும். ஆனி, ஆடியில் மேட்டூருக்கு வரத்து கூடுமா என்று அறிய நான் முதலில் பார்ப்பது கபினிச் செய்தியைத்தான்.

கண்ணம்பாடி 1911-இல் விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில் தொடங்கிய அணை. முழு மட்டம் 124.8 அடி, கொள்ளளவு 49.45 டி.எம்.சி. பாருங்கள், அடியில் மேட்டூரைவிட நாலரை அடிக்கு மேல் அதிகம், தண்ணீரில் பாதிதான். ஓர் அணையின் அடியை இன்னோர் அணையின் அடியோடு ஒப்பிடவே கூடாது. இங்கே பிருந்தாவனப் பூங்கா வரைதான் பார்வையாளர்களை விடுவார்கள், அணைமேல் நடக்க விடமாட்டார்கள்.

மூன்றாம் நாள் குடகு. குசால்நகர் பக்கம் ஹாரங்கி அணை, 8.5 டி.எம்.சி. ஹாசன் பக்கம் கொரூரில் ஹேமாவதி அணை, 37.1 டி.எம்.சி. இரண்டும் கண்ணம்பாடிக்கு மேலே. நேரம் குறைவாக இருந்தால் ஹேமாவதியை விட்டுவிட்டு ஹாரங்கி, பாகமண்டலம், தலைக்காவிரி போங்கள். நம் ஊரில் அகன்று கிடக்கிற காவிரி அங்கே ஒரு சிறு தீர்த்தக் குண்டிகை. சுற்றிலும் புல் மூடிய மலை, காப்பித் தோட்டம், காடு. மழைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது அந்தக் காடும் புல்லும்தான். அங்கே ஒரு மரம் விழுந்தால் நமக்கென்ன என்று இனி நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

நாலாம் நாள் வயநாடு. கபினியின் தாய்வீடு. வைத்திரி பக்கத்தில் பூக்கோடு என்று ஓர் இயற்கை ஏரி, சுற்றிலும் காடு. படகு உண்டு, உங்கள் இளவட்டங்களுக்கு அங்கேயே ஆசை தீரும். அந்த ஏரியிலிருந்து கிளம்புகிற ஓடை பனமரம் ஆறாகிக் கபினியில் சேர்ந்து, மேட்டூர் வந்து, கல்லணை வந்து, உங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள். பாணாசுர சாகர் என்ற மண் அணையும் அந்தப் பக்கம்தான். அதன் உபரியும் கபினிக்கே வரும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேட்டூர் நிரம்பிய அதே 2024 ஜூலை 30, வயநாட்டில் நிலச்சரிவு ஊர்களை அடித்துக்கொண்டு போன நாள். சரிந்த மலைப்பகுதியின் தண்ணீர் மேற்கே சாலியாற்றில் போனது, கிழக்கே பெய்தது கபினிக்கு வந்தது. மழை ஒன்றுதான். நாம் கல்லணையில் பூத் தூவத் தயாரான வேளையில் அங்கே பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மலைக்காரர்களிடம் பேசும்போது "உங்க ஊர் மழைதான் எங்க ஊர் சோறு" என்று சொல்லுங்கள். அவர்கள் கஷ்டத்தையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் நாள் கூடலூர் வழியாக நீலகிரி. பைக்காரா ஏரியைப் பாருங்கள். வாய்ப்பிருந்தால் அவலாஞ்சி, எமரால்டு பக்கமும் போகலாம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. பல ஊர்களுக்கு ஒரு வருடத்து மழை அது. இந்த மலை ஏரிகளெல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டியவை. பைக்காரா மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. இந்தத் தண்ணீர் மின்சாரம் எடுத்த பிறகு கீழே இறங்கி, மாயாறு வழியாகவும் பவானி வழியாகவும் பவானிசாகரில் சேர்கிறது. திரும்பும் வழியில் அந்த அணையையும் பார்த்துவிட்டால் சுற்று முழுமை.

எப்போது போவது? மாசிக் கடைசி முதல் சித்திரை வரை நமக்கும் வேலை குறைவு, அணைகளும் வற்றி வாணலி தெரியும். ஆடி, ஆவணியில் வயநாட்டுக்கும் குடகுக்கும் போகாதீர்கள். அணை நிரம்புவதைப் பார்க்க ஆசைதான். ஆனால் மண் சரிகிற காலம் அது. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் வரை போய்க் காவிரித் தாயைக் கும்பிட்டுத் திரும்பினால் போதும்.

சில நடைமுறை விஷயங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். கிளம்பும் முன் செல்போனிலேயே எடுத்துக் கொள்ளலாம், வேன் எண் கேட்பார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில், பைக்குத் தடை உண்டு. தண்ணீர் கொண்டுபோக எவர்சில்வர் குடமும் தூக்கும் எடுத்துப் போங்கள். அவலாஞ்சிக் காட்டுக்குள் சொந்த வண்டியை விடமாட்டார்கள், வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். காட்டுச் சாலைகள் பலவற்றில் இரவில் போக்குவரத்து கிடையாது. இருட்டும் முன் தங்குமிடம் சேரும்படி கணக்கிடுங்கள். வயதானவர்களுக்குக் கம்பளியும், வளைவுச் சாலைக்கு எலுமிச்சம்பழமும் மறக்க வேண்டாம்.

முக்கியமாக, எந்த அணையிலும் மலை ஏரியிலும் இறங்கிக் குளிக்காதீர்கள். ஆற்றில் நீந்திப் பழகியவர்கள் நாம் என்ற தைரியம் அங்கே செல்லாது. கரையிலிருந்து இரண்டே எட்டில் ஆழம் விழும், அடியில் சேறு, தண்ணீர் குளிர்ந்து கை கால் மரத்துப்போகும். அணைக்குக் கீழே ஆறு வற்றிக் கிடந்தாலும் திடீரென்று திறந்துவிடுவார்கள்.

இனி, இதே விஷயத்தை ஒட்டி வந்த மற்ற கேள்விகள்.

"ஊட்டியில் கனமழை என்று டிவியில் சொன்னால் மேட்டூர் நிரம்புமா?" என்று பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நிரம்பாது அம்மா. ஊட்டிப் பக்கத்துத் தண்ணீர் பவானிசாகருக்குப் போகிறது. அது 105 அடி, 32.8 டி.எம்.சி. அணை. அந்தத் தண்ணீருக்கு முதல் உரிமை கீழ்பவானி, காலிங்கராயன், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கு. அணை நிரம்பி உபரி திறந்தால் மட்டுமே பவானி கூடுதுறையில் காவிரிக்கு வரும். கூடுதுறை மேட்டூருக்குக் கீழே இருக்கிறது. அப்படி வந்தால் மேட்டூரில் அந்த அளவு திறப்பைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம். நமக்கு அதனால் லாபம் உண்டு. ஆனால் மேட்டூர் அடி அதனால் ஏறாது. கரூர்ப் பக்கம் சேர்கிற அமராவதியும் அப்படித்தான்.

"கர்நாடகம் மாதாமாதம் தரவேண்டிய தண்ணீர் இருக்கும்போது ஜூன் திறப்புக்கு ஏன் பயப்பட வேண்டும்?" இது திருத்துறைப்பூண்டி வாசகர்.

மாதக் கணக்கைப் பார்த்தால் தெரியும். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பிலிகுண்டுலுவில் வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும். அதில் ஜூன் மாதத்துக்கு 9.19 மட்டுமே. ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. ஜூன் 12-இல் திறந்தால் நாளைக்கு ஒரு டி.எம்.சி. போகும், உள்ளே வருவது மாதம் முழுக்கவே ஒன்பது. ஆக ஜூனில் குறுவைக்குப் பாய்வது பெரும்பாலும் போன வருடத்து மிச்சம். மிச்சம் குறைவாக இருக்கிற வருடம் ஜூன் திறப்பு நடப்பதில்லை. நடந்தாலும், போர் வசதி இல்லாத கடைமடைக்காரர் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். அந்த வயலைச் சம்பாவுக்கு விட்டுவைப்பது தோல்வி இல்லை.

"மேட்டூர் திறந்து எத்தனை நாளில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வரும்?" ஒரத்தநாடு பக்கத்து இளைஞர் ஒருவர்.

மேட்டூரில் 12-இல் திறந்தால் கல்லணை 15, 16-இல் திறப்பதுதான் சமீப வருடங்களின் வழக்கம். 2025-இல் 15-ஆம் தேதி திறந்தார்கள். அதற்குப் பிறகு உங்கள் வாய்க்கால் தலைப்பிலா, கடைமடையிலா என்பதைப் பொறுத்தது. தலைப்புக்கு ஓரிரு நாள், கடைமடைக்கு ஒரு வாரம் பத்து நாள், தூர் வாரவில்லை என்றால் இன்னும் மேல். மேட்டூர் தேதியை வைத்து நாற்று விடாதீர்கள். போன வருடம் உங்கள் மடைக்குத் தண்ணீர் வந்த தேதியை வைத்து விடுங்கள்.

நீடாமங்கலத்து நண்பர்களே, கிளம்பும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வோர் அணையிலும் அன்றைய அடி, டி.எம்.சி., வரத்து, திறப்பு நாலையும் குறியுங்கள். அறிவிப்புப் பலகையில் இல்லையென்றால் அன்றைய நாளிதழில் இருக்கும். ஊர் திரும்பியதும் அந்த நோட்டைக் குழுவில் ஒருவர் வைத்துக்கொண்டு, வைகாசி முழுக்க வாரம் ஒருமுறை எழுதி வாருங்கள். அடுத்த குறுவைக்கு விதை நெல்லை மூட்டையிலிருந்து எடுக்கும் முன் அந்த நோட்டைப் பிரித்துப் பாருங்கள். என் வீட்டில் அந்த நோட்டு விதைக்கோட்டைக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது.